அடி தட்டுகிறதா? சிறு பயண ட்ரெய்லரை உயர்த்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொலராடோவில் நாங்கள் வைத்திருப்பது 13 அடி நீளமுள்ள ஒற்றை ஆக்சில் ட்ரெய்லர். முட்டையோட்டை இரண்டாகப் பிளந்து மறுபடி ஒட்டியது போன்ற ஃபைபர்கிளாஸ் உடல். உள்ளே ஒரு படுக்கை, இரண்டு அடுப்பு, ஒரு தண்ணீர்த்தொட்டி. காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு தார்ச்சாலையில் போனால் இருப்பதே தெரியாது. மண்சாலையில் திரும்பியதும் பின்னாலிருந்து 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை நிறுத்த மூன்று வருடம் பிடித்தது. அதில் ஒரு வருடம் தப்பான வைத்தியத்தில் போனது. அதன் பிறகு இதே வகை வண்டி வாங்கிய தமிழ் நண்பர்கள் கேட்ட கேள்விகளை ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன். அமெரிக்க வண்டிகள் என்பதால் அளவெல்லாம் அங்குலமும் பவுண்டும்தான்.

வண்டி அடி தட்டுகிறது. எத்தனை அங்குலம் உயர்த்த வேண்டும்?

அதற்கு முன்னால் எது தட்டுகிறது என்று பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு இது தெரிவதில்லை. எனக்கும் தெரியவில்லை. வயிற்றுப் பகுதி இடிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் தார்ப்பாயை விரித்து அடியில் படுத்துப் பார்த்தபோது, சேஸ் (அடிச்சட்டம்) முழுக்க பெயின்ட் அப்படியே இருந்தது. சிராய்ப்பெல்லாம் மூன்றே இடத்தில்: முகாமில் வண்டி ஆடாமல் தாங்கும் பின்பக்க மூலை ஜாக்கிகளின் பாதம், கழிவுநீர்க் குழாயின் வால்வு, பின் பம்பரின் கீழ் விளிம்பு. வண்டி வயிற்றில் அடி வாங்கவில்லை, வாலில் வாங்கியிருக்கிறது.

ஒற்றை ஆக்சில் ட்ரெய்லரில் இது இயல்பு. சக்கரத்துக்குப் பின்னால் நீளும் பகுதி ஒரு நெம்புகோல் போல. சாலையிலிருந்து பெட்ரோல் பங்குக்குள் போகும் சரிவில் கார் மேலே ஏறும்போது ட்ரெய்லரின் மூக்கு தூக்கிக்கொள்ளும், வால் தரையைத் தேடிப் போகும். காட்டுச் சாலைகளில் மழைநீரைத் திருப்பிவிட குறுக்கே மண்மேடு போட்டிருப்பார்கள். அதைத் தாண்டும்போதும் இதே கதைதான்.

எனவே ஒரு டார்ச், ஒரு டேப், ஒரு சாக்பீஸ் எடுத்துக்கொண்டு அடியில் போங்கள். சிராய்த்த இடங்களை எல்லாம் வட்டமிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தரைக்கும் உள்ள தூரத்தை எழுதுங்கள். வழக்கமாக ஏற்றிப் போகும் சுமையோடு, தண்ணீர்த்தொட்டி நிரப்பி, காரில் மாட்டிய நிலையில் அளக்க வேண்டும். காலி வண்டியில் எடுத்த அளவு ஊருக்குப் போகும்போது பொய்த்துவிடும்.

வாலில் தட்டுவதற்குக் கணக்கு ஏதும் உண்டா?

உண்டு, எளிய கணக்குதான். டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து பின்னால் தொங்கும் பொருள் வரை எவ்வளவு தூரம், அந்தப் பொருள் தரையிலிருந்து எவ்வளவு உயரம். என் வண்டியில் தூரம் 54 அங்குலம், உயரம் 10 அங்குலம். கோணமாக்கினால் ஏறக்குறைய 10.5 டிகிரி. அதைவிடச் செங்குத்தான சரிவு வந்தால் தட்டும்.

வண்டியையே 3 அங்குலம் உயர்த்தினால் 13.5 டிகிரி ஆகும். இப்போது இன்னொன்றைக் கவனியுங்கள். வண்டியைத் தொடாமல், தொங்கிக்கொண்டிருக்கும் அந்த வால்வை மட்டும் 3 அங்குலம் மேலே ஏற்றினாலும் அதே 13.5 டிகிரிதான். ஒன்றுக்கு வெல்டரும் புது ஆக்சிலும் வேண்டும், மற்றதற்கு ஒரு ரம்பமும் குழாய்ப் பசையும் போதும்.

செலவே இல்லாமல் ஏதாவது செய்ய முடியுமா?

கொக்கியின், அதாவது காரின் பின்னால் ட்ரெய்லரை மாட்டும் இரும்புப் பந்தின், உயரத்தைச் சரிபாருங்கள். சமதரையில் காரும் ட்ரெய்லரும் மாட்டியிருக்கும்போது ட்ரெய்லரின் சேஸ் தரைக்கு இணையாக இருக்கிறதா? முன்னும் பின்னும் டேப்பை வைத்து அளந்து பாருங்கள். கண்ணளவு இதில் ஏமாற்றும்.

பழைய காருக்கு வாங்கிய பந்து தாங்கியையே புது எஸ்யூவியில் சொருகி, மூக்கைத் தூக்கிக்கொண்டு ஓட்டுகிறவர்கள் நிறைய. என் வண்டியில் கப்ளரிலிருந்து (பந்தைக் கவ்வும் மூக்கு நுனி) ஆக்சில் வரை 102 அங்குலம், ஆக்சிலிலிருந்து வால் வரை 54. பந்து 3 அங்குலம் கூடுதல் உயரத்தில் இருந்தால் வால் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் இறங்கிவிடும். சீசா பலகை மாதிரி. மூக்குத் தூக்கிய வண்டி நெடுஞ்சாலையில் வாலாட்டும் குணத்தையும் வளர்த்துக்கொள்ளும். கீழே இறங்கிய பந்து தாங்கி ஒன்றை வாங்கி மாட்டினால் இரண்டு தொல்லையும் தீர்ந்தது. லேசாக மூக்குக் குனிந்திருந்தால் தவறில்லை, நிமிர்ந்திருக்கக் கூடாது.

கூடவே, பின் பம்பரில் கட்டிவைத்திருக்கும் சாமான்களையும் பாருங்கள். சைக்கிள் தாங்கி, ஸ்டெப்னி, கழிவுநீர்க் குழாய் வைக்கும் பெட்டி எல்லாம் வாலில் எடை ஏற்றுகின்றன. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் விழ வேண்டும் என்பது ட்ரெய்லர்க்காரர்களின் பாலபாடம். வாலில் ஏற்றும் ஒவ்வொரு பவுண்டும் அதைக் குறைக்கிறது.

தொங்கும் பொருள்களை எப்படி ஏற்றுவது?

மூலை ஜாக்கிகள்: சேஸுக்குக் கீழே போல்ட் போட்டிருந்தால், சேஸின் பக்கவாட்டுக்கு மாற்றலாம். கத்தரி மாதிரி மடங்கும் வகையைக் கழற்றிவிட்டு, தனியாக எடுத்து வைக்கும் குட்டி ஸ்டாண்டுகளைப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. நான் அப்படித்தான் செய்கிறேன். முகாம் போட்டதும் நான்கு ஸ்டாண்டுகளை எடுத்து வைக்க ஐந்து நிமிடம்.

கழிவுநீர்க் குழாய்: இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். தண்ணீர் தானாக ஓட, அடிக்கு கால் அங்குலமாவது சரிவு வேண்டும். குழாயைக் கண்டபடி மேலே ஏற்றினால் தொட்டி முழுக்கக் காலியாகாது, இரண்டாம் நாள் உள்ளே உட்கார முடியாது. குழாயைச் சுருக்கி, வால்வைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் உயரம் அதே இருந்தாலும் கோணம் கூடிவிடும். வாலிலிருந்து சக்கரத்தை நோக்கி நகரும் எந்தப் பொருளும் தப்பித்துக்கொள்ளும்.

ஏற்றவே முடியாதது என்று ஒன்று இருந்தால், அதற்கு முன்னாலும் பின்னாலும் வளைந்த இரும்புத் தகடு ஒன்றைச் சறுக்குமரம் போலப் போட்டுவிடலாம். பம்பருக்கு அடியில் சிறு இரும்பு உருளை வைப்பதும் உண்டு. தட்டும், ஆனால் உடையாது. அது போதும் என்றால் இந்தப் பக்கத்தை இங்கேயே மூடிவிடலாம்.

வாங்கியபோது தட்டவில்லை, இப்போது தட்டுகிறது. ஏன்?

வண்டி உட்கார்ந்துவிட்டது. பழைய ட்ரெய்லர்களில் பாதிப் பேருக்கு நோயே இதுதான். உயர்த்துவது எப்படி என்று தேடுவார்கள், இழந்த உயரத்தை மீட்டாலே போதும் என்ற நிலையில் இருப்பார்கள்.

சிறு ட்ரெய்லர்களில் இரண்டு வகை சஸ்பென்ஷன் உண்டு. ஒன்று, ஸ்பிரிங் பட்டை. லாரியின் கமான் பட்டையின் குட்டித் தம்பி. நம்மூர்ப் பட்டறையில் அரிவாள் அடிக்கத் தேடுவார்களே, அதே வகை எஃகு. மற்றது டார்ஷன் ஆக்சில். சதுரக் குழாய்க்குள் இன்னொரு சதுரத் தண்டைத் திருப்பி நிறுத்தி, இடையில் உள்ள நான்கு மூலை வெளியிலும் ரப்பர்க் கயிறுகளைத் திணித்திருப்பார்கள். தண்டின் முனையில் ஒரு கை, கையின் முனையில் சக்கரம். மேடு வந்தால் கை மேலே மடங்கும், ரப்பர் நசுங்கித் திருப்பித் தள்ளும். வெளியே ஸ்பிரிங் எதுவும் தெரியாது.

பட்டை உட்கார்ந்திருந்தால் கண்ணுக்கே தெரியும், வில் வளைவு போய் நேர்க்கோடாகிவிடும். அதே அளவில் புதுப்பட்டை கிடைக்கும். 3,500 பவுண்டு ஆக்சிலுக்கு அமெரிக்காவில் பரவலான அளவு 1¾ அங்குல அகலம், 25¼ அங்குல நீளம், ஒவ்வொன்றும் 1,750 பவுண்டு தாங்கும். மாற்றினால் ஒன்றிரண்டு அங்குலம் திரும்பக் கிடைப்பது சாதாரணம். ஷேக்கிளின் (பட்டை முனையைச் சேஸோடு இணைக்கும் துண்டின்) புஷ், போல்ட் எல்லாவற்றையும் அப்போதே மாற்றிவிடுங்கள். துளை முட்டை வடிவம் ஆகியிருக்கும்.

ரப்பர் செத்ததைக் கண்டுபிடிப்பது சற்று நுட்பம். சுமையேற்றிய வண்டியில் அந்தக் கையைப் பாருங்கள். குழாயிலிருந்து சக்கரத்தை நோக்கிக் கை மேல்நோக்கி ஏறியிருந்தால், அதுவும் உங்கள் வண்டி அந்தக் கோணத்தில் செய்யப்பட்டதல்ல என்றால், ரப்பர் போய்விட்டது. பிறகு சேஸுக்குக் கீழே ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். உயிருள்ள ஆக்சிலில் சக்கரம் நன்றாகக் கீழே தொங்கும். செத்ததில் அப்படியே நிற்கும். ரப்பரை மட்டும் மாற்ற வழியில்லை, ஆக்சிலையே மாற்ற வேண்டும். எழுபதுகளின் வண்டி வைத்திருப்பவர்கள் இந்தச் செலவைத் தலையெழுத்து என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். இந்த முட்டை வண்டிகளின் மூத்த அண்ணன், 1968-இல் கனடாவின் வின்னிபெக்கில் பிறந்த 'போலர்'. அதில் இன்றும் ஓடுபவை உண்டு. உடல் அப்படியே இருக்கும், அடியில் ரப்பர் போயிருக்கும்.

பெரிய டயர் போட்டால் போதாதா?

நானும் அதைத்தான் முதலில் செய்தேன். நான் சொன்ன தப்பான வைத்தியம் இதுதான்.

டயரின் விட்டம் எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதிதான் வண்டி உயரும். 13 அங்குலச் சக்கரத்துக்கான எஸ்டி 175/80 ஆர் 13 டயரின் விட்டம் 24 அங்குலம். எஸ்டி 205/75 ஆர் 15 டயர் 27.1. வித்தியாசம் 3.1, வண்டிக்குக் கிடைப்பது ஒன்றரை அங்குலம். காசுக்கு ஏற்ற லாபம் இல்லை.

ஆனால் டயருக்கு மட்டும் உள்ள ஒரு பெருமையையும் சொல்ல வேண்டும். ஸ்பிரிங் பட்டை உள்ள வண்டியில் ஆக்சில் குழாயைத் தரையிலிருந்து தூக்குவது டயர் மட்டுமே. மற்ற வழிகளெல்லாம் உடலைத் தூக்கும், குழாய் இருந்த இடத்திலேயே இருக்கும். நடுச்சாலையில் துருத்தி நிற்கும் கல்லுக்கு உடலும் ஒன்றுதான், குழாயும் ஒன்றுதான்.

என் தவறு இது. சக்கரக் குழியில் இடம் இருக்கிறதா என்று வண்டி நிற்கும்போது பார்த்தேன். நிற்கும்போது விரல் நுழைந்தது. முதல் பள்ளத்தில் டயர் மேலே எழும்பி, ஃபைபர்கிளாஸ் குழியை உரசிக் கருக வைத்தது. இப்போது என் விதி: சுமையேற்றிய நிலையில் டயருக்கு மேலே 3 அங்குலம், பக்கங்களில் ஓர் அங்குலம். இல்லையென்றால் வேண்டாம். சக்கரத்தின் போல்ட் அமைப்பும் பொருந்த வேண்டும். சிறு ட்ரெய்லர்களில் 5 போல்ட், 4½ அங்குல வட்டம் பரவலாக உண்டு. சக்கரத்தின் ஆஃப்செட்டும் (போல்ட் போடும் முகம் சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து தள்ளியிருக்கும் தூரம்) பழையதுக்கு நெருக்கமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பேரிங்கில் எடை விழும் இடம் மாறிவிடும்.

மின் பிரேக் உள்ள வண்டியானால் இன்னொன்று. அதே டிரம், அதே காந்தம், ஆனால் டயர் 13 சதவீதம் பெரிதானால் தரையில் கிடைக்கும் பிரேக் பிடி ஒன்பதில் ஒரு பங்கு குறையும். காரில் உள்ள பிரேக் கட்டுப்பாட்டுக் கருவியில் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டியிருக்கும்.

'ஆக்சில் ஃப்ளிப்' என்கிறார்களே, ஆக்சிலைத் தலைகீழாகத் திருப்புவதா?

பெயர் அப்படி, வேலை அப்படியல்ல. தலைகீழாகத் திருப்பவே கூடாது. இதைத் தடித்த எழுத்தில் எழுதலாம் என்று நினைக்கிறேன்: ஆக்சில் குழாய் திரும்பக் கூடாது, பட்டை மட்டுமே இடம் மாறும்.

பல சிறு ட்ரெய்லர்கள் தாழ்வாக இருப்பதற்காக, பட்டையை ஆக்சிலுக்குக் கீழே வைத்துத் தொழிற்சாலையில் கட்டுகிறார்கள். பட்டையை ஆக்சிலுக்கு மேலே மாற்றினால் உடல் உயரும். எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடலாம். குழாயின் தடிமன், பட்டைக் கட்டின் தடிமன், மேலும் கீழும் பட்டை உட்காரும் இரும்பு இருக்கைகளின் உயரம், இவற்றைக் கூட்டுங்கள். 3,500 பவுண்டு ஆக்சிலில் குழாய் 2⅜ அங்குலம். மற்றவற்றையும் சேர்த்தால் நடைமுறையில் நாலரை அங்குலம் பக்கத்தில் வரும். கூடுதல் லாபம் ஒன்றும் உண்டு: முன்பு குழாய்க்குக் கீழே பட்டையும் அதைக் கட்டிப்பிடிக்கும் யூ போல்ட் தகடும் தொங்கிக்கொண்டிருந்தன. அவை மேலே போய்விடும்.

குழாயை ஏன் திருப்பக் கூடாது? அது நேரான குழாய் அல்ல. நடுவில் மேல்நோக்கி ஒரு மெல்லிய வளைவு கொடுத்திருப்பார்கள். சுமை ஏறியதும் அது நிமிர்ந்து, டயர்கள் செங்குத்தாக நிற்கும். திருப்பிவிட்டால் வளைவு கீழ்நோக்கிப் போகும், டயர்கள் தலைப்பகுதியில் உள்பக்கம் சாய்ந்து உள் விளிம்பை ஒரே கோடையில் தின்றுவிடும். மின் பிரேக்கும் முன்பின் மாறிவிடும். டிரம்முக்குள் இரண்டு ஷூக்களில் லைனிங் குட்டையாக உள்ளது முன்பக்கம் பார்க்க வேண்டும்.

ஆகவே குழாயை அப்படியே வைத்து, பழைய இருக்கைக்கு நேர் எதிரே, குழாயின் மேற்புறத்தில் புது இருக்கையை வெல்டிங் செய்ய வேண்டும். ஆக்சில் செய்யும் டெக்ஸ்டர் நிறுவனம் இதற்கென்றே இருக்கையும் யூ போல்ட்டும் சேர்த்து ஒரு கிட் விற்கிறது. 2⅜ அங்குலக் குழாய்க்கு அது சரியாக உட்காரும்.

அந்த வெல்டிங்கை நானே செய்யலாமா?

நல்ல வெல்டிங் கை இருந்தால் செய்யலாம். நான் செய்யவில்லை. இந்த இரண்டு தையல்கள்தான் உங்கள் குடும்பத்தின் படுக்கையைச் சக்கரத்தோடு பிடித்துவைத்திருக்கின்றன. யூடியூப் பார்த்துப் பழகும் இடம் இது இல்லை.

யார் செய்தாலும்: கேஸ் சிலிண்டரைக் கழற்றி வெளியே வையுங்கள். பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள், காரிலிருந்து வரும் வயரையும் பிரித்துவிடுங்கள். வெல்டிங் எர்த் கிளாம்ப், தையல் போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தூரத்தில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் போய் அதைக் கெடுக்கும். தலைக்கு மேலே இருப்பது ஒட்டுப்பலகைத் தரை, அதற்கு மேல் ஃபைபர்கிளாஸ். இரண்டும் தீப்பிடிக்கும். ஆக்சிலைக் கழற்றி வெளியே வைத்து வெல்டிங் செய்வது உத்தமம்.

இடமும் வலமும் இருக்கைகள் ஒரே கோட்டில் இருக்கிறதா என்பதைக் கப்ளரின் நடுவிலிருந்து ஆக்சிலின் இரு முனைக்கும் டேப் பிடித்துப் பாருங்கள். இரண்டு தூரமும் ஒன்றாக வர வேண்டும். வித்தியாசம் இருந்தால் வண்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்கும்.

என் ட்ரெய்லரில் பட்டையே இல்லை, டார்ஷன். எனக்கு வழி?

இரண்டு வழி. ஆக்சில் நல்ல நிலையில் இருந்தால், ஆக்சில் பிடிமானத்துக்கும் சேஸுக்கும் நடுவே இரும்புப் பெட்டித்துண்டு ஒன்றை வைத்து ஆக்சிலைக் கீழே இறக்குவது. போல்ட் போட்ட ஆக்சிலுக்கு இப்படி 2, 3 அங்குல கிட்டுகள் கிடைக்கின்றன. உயரத்துக்குத் தக்க நீளமான, தரமான போல்ட் வேண்டும். மரக்கட்டை வைத்துச் சமாளித்த ஒரு வண்டியைப் பார்த்திருக்கிறேன். ஈரத்தில் கட்டை மக்கி போல்ட் ஆடிக்கொண்டிருந்தது.

ஆக்சில் வயதானது என்றால், புது ஆக்சிலை வேறு கோணத்தில் சொல்லிச் செய்யலாம். எனக்கு இதுதான் தீர்வாக அமைந்தது. டார்ஷன் ஆக்சிலில் அந்தக் கை சுமையில்லாதபோது எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லலாம்: தரைக்கு இணை, 22.5 டிகிரி கீழே, 45 டிகிரி கீழே, மேல்நோக்கியும்கூட. கை 6 அங்குலம் நீளம் என்றால், இணையிலிருந்து 22.5 கீழே போக 2.3 அங்குலம் உயரும். அதிலிருந்து 45-க்குப் போக இன்னொரு 2 அங்குலம் கிட்டத்தட்ட. இந்த வகையில் குழாயும் சேர்ந்து உயர்கிறது, கை கீழே போக அது மேலே போகிறது. பட்டை வண்டிக்கு இல்லாத சலுகை.

ஆர்டர் கொடுக்கும்போது செய்யும் வழக்கமான தவறு, "எதற்கும் இருக்கட்டும்" என்று கூடுதல் எடை தாங்கும் ஆக்சில் கேட்பது. 1,500 பவுண்டு வண்டிக்கு 3,500 பவுண்டு ஆக்சில் போட்டால் ரப்பர் மடங்கவே மடங்காது. உயரம் நன்றாக நிற்கும், ஆனால் உள்ளே அலமாரி ஸ்க்ரூ ஒவ்வொன்றாகக் கழன்று விழும். முழுச் சுமையில் வண்டியை எடைமேடையில் ஏற்றி, அந்த எடைக்கு மேல் கொஞ்சம் தள்ளி ஆர்டர் செய்யுங்கள். லாரிகள் நிற்கும் பெரிய பங்குகளில் எடைமேடை இருக்கும்.

பழைய சேஸ் என்றால் ஆக்சில் கழன்றிருக்கும்போதே இரும்பையும் பாருங்கள். முன்பக்க இழுவைச் சட்டம் உடலுக்கு அடியில் நுழையும் இடத்தில் தலைமுடி போன்ற வெடிப்பு இருக்கக்கூடும். துருவைச் சுரண்டிவிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

நீளமான ஷேக்கிள், கூடுதல் பட்டை, பட்டைக்கும் ஆக்சிலுக்கும் இடையில் கட்டை?

நீளமான ஷேக்கிளில் கூட்டிய நீளத்தில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும், வளைவில் பக்கவாட்டு ஆட்டம் கூடும். கூடுதல் பட்டை வண்டியை விறைக்க வைக்கும், அது உயரத்துக்கான மருந்தே இல்லை. கட்டை, பட்டை ஆக்சிலுக்கு மேலே இருக்கும் வண்டியில் மட்டுமே உயர்த்தும். கீழே இருக்கும் வண்டியில் வைத்தால் இன்னும் தாழ்த்திவிடும். சிரிக்காதீர்கள், செய்தவர்கள் இருக்கிறார்கள்.

குறுக்குக் குழாயே இல்லாத சஸ்பென்ஷன் உண்டாமே?

உண்டு. டிம்ப்ரென் போன்ற நிறுவனங்களின் சஸ்பென்ஷன்கள் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனிக் கை வைத்து சேஸிலேயே பொருத்துகின்றன. நடுவில் குழாய் கிடையாது, உயரம் கூட்டிய வகையும் கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவில் காட்டுவழிக்கென்று செய்யும் கேரவன்களில் காயில் ஸ்பிரிங்கோடு தனித்தனிக் கைகள் சர்வசாதாரணம். ஆனால் இதுவரை குறுக்குக் குழாயும் சேர்ந்து தாங்கிய முறுக்கை இனி சேஸ் தனியாகத் தாங்க வேண்டும். மெல்லிய சேஸ் உள்ள சிறு வண்டியில் குறுக்குச் சட்டம் சேர்க்காமல் இதைப் போடாதீர்கள்.

உயர்த்திய பின் கவிழுமா?

உடனே கவிழாது, ஆனால் இடைவெளி குறையும். சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை, எடைமையத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கால் வகுத்தால் ஓர் எண் வரும். எண் குறையக் குறைய வண்டி எளிதில் சாயும். உதாரணத்துக்கு, அகலம் 70, எடைமையம் 36 அங்குலத்தில் என்று வையுங்கள்: 0.97. நாலு அங்குலம் உயர்த்தினால் 0.875. பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. கொலராடோ, வயோமிங் பக்கம் குறுக்குக் காற்று அடிக்கும்போது அந்தப் பத்தில் ஒன்றை நான் உணர்ந்திருக்கிறேன். அதனால்தான் எனக்கு வேண்டிய 3 அங்குலத்தோடு நிறுத்திக்கொண்டேன். கனமான சாமானைத் தரையோடு தரையாக, ஆக்சிலுக்கு மேலே வைப்பதும் இப்போது பழக்கமாகிவிட்டது. அரிசி மூட்டையும் கிரைண்டரும் மேல் அலமாரியில் ஏறாது. (ஆமாம், கிரைண்டர். முகாமில் மாவு அரைக்கும் குடும்பம் நாங்கள்.)

வேலை முடிந்ததும் என்னென்ன சரிபார்க்க வேண்டும்?

கொக்கி உயரத்தை மறுபடியும். வண்டி உயர்ந்ததால் பந்தும் அதே அளவு உயர வேண்டும், இல்லையென்றால் மூக்குக் குப்புற விழுந்து முன் ஜாக்கியின் பாதம் தட்டத் தொடங்கும். பின்னால் தீர்ந்த பிரச்சினை முன்னால் வரும்.

அரை அங்குல யூ போல்ட் நட்டுகளுக்கு 45 முதல் 70 அடி-பவுண்டு முறுக்குவிசை, அரை அங்குலச் சக்கர ஸ்டட்டுகளுக்கு 90 முதல் 120. சக்கர நட்டை நட்சத்திர வரிசையில், மூன்று கட்டமாக முறுக்குங்கள். பிறகு 10, 25, 50 மைலில் நிறுத்தி மறுபடி பாருங்கள். பிரேக் வயர், முழு சஸ்பென்ஷனும் தொங்கும் நிலையில் இழுபடாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். வயர் பழைய உயரத்துக்கு வெட்டப்பட்டது.

ஜாக்கி எப்போதும் சேஸில்தான். டார்ஷன் குழாயின் நடுவில் ஜாக்கி வைத்துத் தூக்கினால் குழாய் வளையும். ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள்.

டயரின் பக்கச்சுவரில் 'DOT' என்று தொடங்கும் எழுத்து வரிசை முடியும் இடத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-வது வாரத்தில் செய்தது. ட்ரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட வயதாகிச் சாவதே அதிகம். ஐந்தாறு வருடத்தில் மாற்றிவிடுங்கள்.

இனி எந்தச் சாலையிலும் போகலாம்தானே?

தட்டாமல் போகலாம், அவ்வளவுதான். நியூ மெக்சிகோவில் சாக்கோ கேன்யனுக்குப் போகும் வழியில் கடைசி 13 மைல் மண்சாலை. அதில் கொஞ்ச தூரம் துணி துவைக்கும் பலகை மாதிரி வரிவரியாக இருக்கும். அங்கே எங்கள் வண்டி ஒரு இடத்திலும் தட்டவில்லை. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தபோது மிளகாய்த்தூள் டப்பா திறந்து படுக்கை முழுக்கக் காரம். அதிர்ச்சிக்கு உயரம் மருந்தல்ல, வேகத்தைக் குறைப்பதும் ஷாக் அப்சார்பர் பொருத்துவதும்தான் மருந்து. மழைக்குப் பிறகு அந்த மண் வழுக்கும். அதற்கு இரண்டுமே உதவாது.

படி உயரமாகிவிட்டது. அம்மாவால் ஏற முடியவில்லை.

எங்கள் வீட்டிலும் இதே புகார் வந்தது. மூன்று அங்குலம் என்பது முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பெரிய உயரம். வண்டியோடு வந்த மடக்குப் படி, கீழே ஒரு படி கூட்டி நீட்டும் வகையாகக் கிடைக்கிறது, ஆனால் அதுவும் தொங்கி இன்னொரு தட்டும் பொருளாகிவிடும். நாங்கள் அலுமினிய மேடை ஒன்றை உள்ளேயே வைத்திருக்கிறோம். வண்டி நின்றதும் முதலில் வெளியே வருவது அதுதான். வாசல் கைப்பிடியையும் ஓரடி கீழே இறக்கிப் பொருத்தினோம். மாமியார் இப்போது யாருடைய கையும் பிடிக்காமல் ஏறுகிறார்.